ஆடி மாதத்தில் ஜார்ஜெட் தைத்தவள்

யாராவது "உனக்கு இது வருமா?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் "வருமே!" என்று சொல்லிவிடுவது காந்திமதியின் வழக்கம். கம்பெனி விளையாட்டு விழாவில் கபடிக்கு ஆள் குறைந்தபோது அப்படித்தான் பெயர் கொடுத்தாள். கபடியை அவள் டிவியில்கூட முழுதாகப் பார்த்தது கிடையாது. முதல் முறை பாடிப் போனவள் எதிரணியைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மேனேஜர்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்குள் போய்த்தான் நின்றாள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். எதிரணியும் சிரித்துக்கொண்டே அவளைப் பிடித்தது.

நாங்கள் இரண்டு பேரும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் இருந்தோம். நான் சிவகிரிக்காரி, சுகப்பிரியா. காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டும் கம்பெனியில் எனக்கு வேலை. அவள் கடையநல்லூர்ப் பக்கம். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். பஞ்சு ஒட்டிய கனத்த துணி, ரெக்சின், நடுவே பிளாஸ்டிக் பட்டை எல்லாவற்றையும் சேர்த்து அந்த மிஷின் ஒரே குத்தாகக் குத்தும். அதன் ஊசியை ஒரு தடவை காட்டினாள். கோணி தைக்கிற ஊசிக்குத் தம்பி மாதிரி இருந்தது.

வீட்டுக்கார அம்மா சந்திரம்மாள் கீழே குடியிருந்தார். உள்ளூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தெருக்கோடி சர்ச்சுக்குப் போவார். மகள் இசைவாணிக்கும் கண்ணாடி தொழிற்சாலையில் வேலை செய்யும் கார்முகிலுக்கும் ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இது 2012ஆம் வருஷம். இசைவாணிக்கு ஒரே ஆசை. புடவை வேண்டாம், தரையைத் தொடுகிற கவுன் வேண்டும். உள்ளே சாட்டின், மேலே வெள்ளை ஜார்ஜெட், தலையில் நீளமாக நெட். துணியெல்லாம் எடுத்து பஜாரில் ஒரு டெய்லரிடம் கொடுத்திருந்தார்கள். ஆடி பிறந்து சில நாட்களில் அந்த மனிதர் பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

மாடிப்படியில் சந்திரம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஷிப்ட் முடிந்து வந்த நாங்கள் என்னவென்று விசாரித்தோம்.

"இன்னாத்த சொல்றது. இந்தத் துணி கைல நிக்காது, வழுக்கிக்கினு போவுதுன்றான். நான் ஜாக்கெட்டு தைக்கறவன், மீனப் புடிக்கறவன் இல்லன்றான். கல்யாணத்த வச்சிக்கினு இது ஒரு பேஜாரு." பெருமூச்சு விட்டவர் காந்திமதியை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நீ கம்பெனில தையல்தான? உனக்கு இதெல்லாம் வருமா?"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். பயனில்லை.

"வருமே! குடுங்கக்கா, நான் தச்சுத் தாரேன்" என்றாள் காந்திமதி.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் பொட்டலத்தைப் பிரித்தாள். ஜார்ஜெட் பாயில் விழுந்து, பாயிலிருந்து தரைக்கு வழிந்து, கட்டிலுக்கு அடியில் ஓடியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம்.

"ஏட்டி சுகப்பிரியா, இது துணி மாதிரியே இல்லையே."

"இதத்தான நான் படியில வச்சே கையப் புடிச்சு இழுத்தேன்."

"நீ இழுத்தா நான் நிப்பனா?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திரம்மாளின் மிதி மிஷினில் முதல் சோதனை நடந்தது. நல்ல வேளையாக, ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி அதில் தைத்துப் பார்க்கலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கம்பெனியில் மோட்டார் மிஷினை மிதித்துப் பழகிய கால் அவளுடையது. சீட்டை மிதிக்கிற வேகத்தில் மிதித்தாள். கடகடவென்று ஒரு சத்தம். துண்டைக் காணோம்.

"எங்கட்டி போச்சு?"

குனிந்து பார்த்தோம். ஊசி இறங்கும் துளை வழியாக மிஷின் அதை அப்படியே உள்ளே இழுத்து விழுங்கியிருந்தது. வெளியே நுனி மட்டும், பல்லியின் வாயில் மாட்டிய ஈசல் இறக்கை மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து சந்திரம்மாள், "இன்னாம்மா, ஆச்சா?" என்று குரல் கொடுத்தார். "ஆரம்பிச்சாச்சுக்கா!" என்று பதில் சொல்லிவிட்டு காந்திமதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பயத்தில் வருகிற சிரிப்புக்கு நிறுத்தம் கிடையாது.

அதன் பிறகு அவள் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. துணியைத் திட்டவில்லை, மிஷினையும் திட்டவில்லை. துண்டை ஒவ்வொரு நூலாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசி போன இடமெல்லாம் பொத்தல். "ஊசி தடிமன்ட்டி. இது சாக்கு இல்லல்லா" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். பஜாரில் கிடைப்பதிலேயே மெல்லிய ஊசியையும் மெல்லிய நூலையும் வாங்கி வந்தாள். புது ஊசிதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறாள். முனை லேசாக மழுங்கியிருந்தாலும் இந்தத் துணி இழையை இழுத்துக் கோடு போட்டுவிடும்.

ஊசி மாற்றியும் துளைக்குள் இழுப்பது நிற்கவில்லை. துணிக்கு அடியில் ஏதாவது வைத்துத் தைத்தால் பிடிமானம் கிடைக்குமே என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைய பேப்பரைக் கிழித்து வைத்தாள். அருமையாகத் தைத்தது. காகிதத்தை உரித்து எடுத்தால், வெள்ளை ஜார்ஜெட் துண்டில் தங்கம் விலை தலைகீழாக அச்சாகியிருந்தது. உடனே பேக்கரிக்கு ஓடினாள். பஃப்ஸ் வைத்துத் தருகிற பட்டர் பேப்பரில் புதுத்தாளாகப் பத்து கேட்டாள்.

"பஃப்ஸ் எத்தன?" என்றார் பேக்கரிக்காரர்.

"பஃப்ஸ் வேண்டாம், தாள் மட்டும் போதும்."

அவர் முழித்த முழி பாவமாக இருந்ததால் இரண்டு பஃப்ஸும் வாங்கினோம்.

பட்டர் பேப்பரை அடியில் வைத்து, முதல் தையலுக்கு மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றி, இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக மிதித்தாள். தையலைச் சின்னதாக வைத்துக்கொண்டாள். துணியை இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. கை சும்மா கூடவே போனது. தைத்து முடித்துக் காகிதத்தை இரண்டு பக்கமும் கிழித்தபோது அது தையல் ஓட்டையோடு சுலபமாகப் பிரிந்து வந்தது. துணியில் நேரான, சுருங்காத ஒரு கோடு. காந்திமதி எழுந்து அந்தத் துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடத்தை மூன்று சுற்று சுற்றினாள். சந்திரம்மாள் கரண்டியோடு வந்து, எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்.

அடுத்தது வெட்டுவது. வெட்டும்போது துணி நகர்ந்தால் கவுன் ஒரு பக்கம் இளைத்துப் போகும். ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, தண்ணீராகக் கரைத்து ஜார்ஜெட்டை முக்கி எடுத்து, அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டாள். காய்ந்ததும் அது கொஞ்சம் அடங்கி, காகிதம் மாதிரி விறைப்பாக நின்றது. தைத்து முடித்து அலசினால் கஞ்சி போய்விடும். தரையில் முதலில் பருத்திப் படுக்கை விரிப்பை இழுத்து விரித்தாள். அதன் சொரசொரப்பில் ஜார்ஜெட் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். குண்டூசி குத்தினால் தழும்பு நிற்கும் என்பதால், தையலுக்குள் மறைகிற ஓரத்தில் மட்டும் குத்தினாள். மற்ற இடமெல்லாம் பாரம். மிளகாய்த்தூள் டப்பா, பருப்பு டப்பா, பெட்டிப் பூட்டு, என் செல்போன், அவளுடைய செல்போன், சந்திரம்மாள் வீட்டு அம்மிக் குழவி.

கடைசியில் மின்விசிறியை நிறுத்தினாள்.

அந்த வெக்கையில், கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய மாடி அறையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வெட்டினாள். நான் அவள் நெற்றியைத் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தேன், ஒரு சொட்டு வியர்வைகூடத் துணியில் விழக்கூடாதே. ஆபரேஷன் தியேட்டர் தோற்றது. பாதி வெட்டியபோது டப்பாவுக்குப் பக்கத்தில் பாரமாக இருந்த என் போன் அடித்தது. எங்கம்மா. "எடுக்காதட்டி! எடுத்தா துணி நகரும்!" என்று காந்திமதி கத்தினாள். அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு அம்மாவிடம், நீ கூப்பிட்டபோது போன் ஒரு கவுனுக்குப் பாரமாக இருந்தது என்று விளக்கம் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜார்ஜெட்டில் இன்னொரு வம்பு உண்டு. வெட்டிய ஓரம் பிசிறு விடும். துணியோ உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே காட்டும். சாதாரணமாகத் தைத்தால் உள்பக்கப் பிசிறு வெளியிலிருந்து மீசை மாதிரி தெரியும். நல்ல துணிகளில் இதை எப்படி மறைக்கிறார்கள் என்று பார்க்க, எங்கள் பெட்டியிலிருந்த சுடிதார்களை எல்லாம் உள்பக்கம் திருப்பிப் போட்டு ஆராய்ந்தாள். அது போதாமல் கம்பெனி பஸ்ஸிலும் கை வைத்தாள். முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் சுடிதார்க் கை முனையை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் விழித்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"உங்க பிசிறைப் பாக்குதேன்" என்றாள் காந்திமதி.

அந்தப் பெண் அடுத்த நாளிலிருந்து பின்சீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் பார்க்க வேண்டியதை இவள் பார்த்துவிட்டாள். வழக்கமாக நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்துத் தைப்போம். இதில் தலைகீழ். முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்து, ஓரத்தை ஒட்டி ஒரு தையல். பிசிறை ஒட்ட நறுக்கிவிட்டு, துணியைத் திருப்பி, அதே ஓரத்தில் இன்னொரு தையல். பிசிறு முழுக்க இரண்டு தையலுக்கும் நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும். உள்ளே பார்த்தாலும் அழகு, வெளியே பார்த்தாலும் அழகு. அன்று மாலை இசைவாணியைக் கூப்பிட்டு அதைக் காட்டியபோது அவள், "இது எது உள்பக்கம்?" என்று கேட்டாள். காந்திமதி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இப்படி ஒரு வாரம் காற்றைத் தைப்பதுபோல் தைத்துவிட்டு கம்பெனிக்குப் போனால் என்ன ஆகும்? அங்கேயும் கால் மெதுவாகவே மிதித்தது. ரெக்சினை இரண்டு விரலால் பூப்போலத் தூக்கி வைத்திருக்கிறாள். லைனில் இவளுக்குப் பின்னால் சீட்டு உறைகள் குவிய, சூப்பர்வைசர் நரசிம்மன் வந்து நின்றார். அவரும் உள்ளூர் ஆள்.

"இன்னாம்மா காந்திமதி, சீட்டுக்குத் தாலாட்டு பாடிக்கினு கீறியா? அது தூங்கிடப் போவுது, மிதிம்மா!"

லைன் முழுக்கச் சிரித்தது. அன்று முதல் அவளுக்கு அங்கே தாலாட்டு என்றே பெயர்.

கவுனின் அடியை மடித்துத் தைப்பதுதான் மிச்சம் இருந்தது. நேரமில்லாததால், அதுவரை தைத்ததை அறைக்குள் பரண் கம்பியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனோம். இரண்டு நாள் அது அங்கேயே தொங்கியது. எங்களைவிட உயரமான ஒரு மணப்பெண் கூடவே குடியிருப்பதுபோல் அதைச் சுற்றிச் சுற்றிப் போய்ப் பல் தேய்த்தோம், சாப்பிட்டோம். மூன்றாம் நாள் காந்திமதி அடி ஓரத்தைப் பார்த்து அலறினாள்.

"துணி வளந்துட்டுட்டி!"

நிஜமாகவே ஒரு பக்கம் விரற்கடை நீளமாக இறங்கியிருந்தது. குறுக்கு வாட்டத்தில் வெட்டிய இடமெல்லாம் தன் எடையில் தானே தொங்கி இறங்கும் போலிருக்கிறது. அவள் தலையில் கை வைக்கவில்லை. "நல்ல வேள, முதல்லயே மடிச்சுத் தைக்கல. தச்சிருந்தா கோணக் கவுன்லா கட்டிருப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். இசைவாணியை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தி, சந்திரம்மாள் அளவுகோலைப் பிடிக்க, சுற்றிச் சுற்றி ஒரே உயரத்துக்கு அடையாளம் வைத்து வெட்டினாள். பிறகு நெல்மணி அகலத்துக்குச் சுருட்டி அடியைத் தைத்து முடித்தாள். இசைவாணி நாற்காலியில் நின்றபடியே ஒரு சுற்று சுற்ற, நாற்காலி ஆட, நாங்கள் மூன்று பேரும் பாய்ந்து பிடித்தோம். கவுனைத்தான் முதலில் பிடித்தோம் என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஆடி முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலையில் போடும் நெட் மட்டும்தான் பாக்கி. நெட் பிசிறு விடாது, ஓரம் அடிக்க வேண்டியதில்லை. மேல் முனையைச் சுருக்கிச் சீப்பில் தைத்தால் முடிந்தது. ஆனால் கடையில் மடித்து வைத்த மடிப்புக் கோடுகள் அதில் போகவே இல்லை. இஸ்திரி போட்டால் உருகிவிடும் என்று பயந்தாள். தண்ணீர் தெளித்துத் தொங்கவிட்டால் கோடு தானாகப் போய்விடும் என்று மொட்டைமாடிக் கொடியில் போட்டாள். அழுத்தமாகக் க்ளிப் மாட்டினால் அச்சு விழுமே என்று நுனியை மட்டும் பட்டும் படாமல் மாட்டினாள். மெல்லிய துணியிடம் மென்மையாக நடந்துகொள்ளப் பழகியவள், ஆடிக் காற்றை மறந்துவிட்டாள்.

அம்மியே பறக்கும் காற்றுக்கு நெட் எம்மாத்திரம்?

நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி வரும்போது அது கொடியிலிருந்து எழும்பியது. அவசரமே படாமல், ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு மாதிரி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் போய், முருங்கை மரத்தை உரசி, சர்வீஸ் ரோட்டுக்கு மேலே போனது. அதே நேரம் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீள டிரெய்லர் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. நெட் இறங்கி, மேலடுக்கில் முதலாவதாக நின்ற சிவப்புக் காரின் முகத்தில் படிந்தது. டிரெய்லர் ஹைவேயில் ஏறி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் திரும்பியது.

"என் நெட்டு! என் நெட்டு!" என்று காந்திமதி படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

எதிர் வீட்டு வாசலில் நயினார் தன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். லாரி கம்பெனியில் கதவு பொருத்துகிறவர், தூத்துக்குடிப் பக்கம். தெருவில் பார்த்திருக்கிறோம், பேசியதில்லை.

"அண்ணாச்சி! அந்த கார் லாரியப் புடிக்கணும்!" என்று சொல்லிக்கொண்டே அவர் சம்மதத்துக்குக் காத்திராமல் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்குங்க?"

"கல்யாணப் பொண்ணோட நெட்டு அதுல போவுது!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டேன். மூன்று பேர், ஒரு பைக், எதிர்க்காற்று. காந்திமதி நடுவில் எழுந்து நின்று, முன்னால் போகும் டிரெய்லரைப் பார்த்துக் கைகளை வீசிக் கத்தினாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு என் குலசாமியைக் கூப்பிட்டேன். முன்னால், வெயிலில், சிவப்புக் காரின் மேல் நெட் அலையலையாக எழும்பி அடங்குவது அவ்வளவு அழகாக இருந்தது. சாலையோரம் நின்றவர்கள் அதைக் காட்டிச் சிரித்தார்கள். ஒரு ஷேர் ஆட்டோ எங்கள் கூடவே வந்தது. உள்ளிருந்த பெண்கள் என்னவென்று கேட்க, காந்திமதி ஓடும் பைக்கிலிருந்தே கதையைச் சொல்ல, அவர்களும் டிரைவரைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்கள். "யோவ் டிரைவரு! நெட்டு! நெட்டு!"

டோல்கேட் வரிசையில் டிரெய்லர் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நரைத்த மீசைக்காரர். பாண்டுரங்கன் என்று சட்டைப்பையில் தைத்திருந்தது.

"இன்னாம்மா இது, கூட்டம் கூட்டிக்கினு வர்றீங்க? ஆக்சிடெண்டா?"

"உங்க கார் மேல எங்க பொண்ணோட நெட்டு இருக்கு அண்ணாச்சி!"

அவர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அதான பாத்தேன். வழில போறவன்லாம் கும்புடு போடறான், கை காட்றான். நம்ம மேல இன்னாடா திடீர்னு மரியாதைன்னு நெனச்சிக்கினு நானும் கும்புடு போட்டுக்கினே வந்தேன்!"

அவரே ஏணியில் ஏறி, வைப்பரில் சுற்றிக்கொண்டிருந்த நெட்டைப் பக்குவமாகப் பிரித்து எடுத்துக் கீழே நீட்டினார். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. ஷேர் ஆட்டோப் பெண்கள் குலவை போட்டார்கள். காந்திமதி நெட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்தபோது கண் கலங்கியிருந்தது. விரித்துப் பார்த்தாள். கீழ்ப்பக்கம், வைப்பர் மாட்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவள் கிழிசலை விரலால் நீவிக்கொண்டே வந்தாள். நயினார் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் நேராக இசைவாணியிடம் போனாள். நெட்டை விரித்துக் காட்டி, கொடி, காற்று, டிரெய்லர், டோல்கேட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சந்திரம்மாள், "ஐயோ ஆண்டவரே" என்று சுவரில் சாய்ந்தார். இசைவாணி கிழிசலைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது சிரிப்பு. அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"நான் போறதுக்கு முன்னாடி என் நெட்டு புது கார்ல ஊர்வலம் போய்ட்டு வந்துடுச்சா? டோல்கேட் வரைக்குமா? அக்கா, கார்முகில் கிட்ட நான் சொல்லணும், அவர் பைக்தான் வச்சிக்கீறாரு!"

சந்திரம்மாளுக்கும் தொற்றிக்கொண்டது. வாசலில் நின்ற நயினாரும் சிரித்தார். காந்திமதி மட்டும் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மிஞ்சிய நெட்டிலும் சாட்டினிலும் சின்னச் சின்னப் பூக்களாக வெட்டத் தொடங்கினாள். அதே நிற மெல்லிய நூலில், முடிச்சு வெளியே தெரியாமல், கையாலேயே கிழிசலைச் சுற்றி அவற்றைத் தைத்தாள். ஒரு கொத்து மட்டும் இருந்தால் ஒட்டுப் போட்டது தெரியும் என்று, அடி ஓரம் நெடுகப் பூக்களைச் சிதறவிட்டாள். நானும் இசைவாணியும் வெட்டிக் கொடுத்தோம். முடிந்தபோது எது கிழிசல் என்று அவளே தேட வேண்டியிருந்தது.

கல்யாணத்தன்று சர்ச்சில் மேடைக்கு இருபுறமும் ஆளுயர மின்விசிறி வைத்திருந்தார்கள். இசைவாணி நடந்து வந்ததும் கவுன் முழுக்க ஒரு முறை ஊதி எழும்பி, மெல்ல அடங்கியது. ஜார்ஜெட் அடியில் சாட்டின் மின்ன, பின்னால் நெட்டின் பூக்கள் தரையோடு நகர்ந்தன. பின்வரிசை வரை ஒரு பெருமூச்சு ஓடியது. பாஸ்டரே ஒரு நிமிஷம் வசனத்தை மறந்தார். காந்திமதி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"தையல் எதுவும் விடலல்லா?"

"விடல, கைய விடுட்டி."

விருந்துப் பந்தலில் பிரியாணியை விட்டுவிட்டுப் பெண்கள் கவுனின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். சந்திரம்மாள், "கடையா? எங்க மாடி ரூம்ல கீது!" என்று காந்திமதியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த சீட்டு லைன் பெண்கள், "தாலாட்டு! தாலாட்டு!" என்று கூவினார்கள். நரசிம்மனும் வந்திருந்தார். பாட்டு போட்டதும் காந்திமதி ஆடத் தொடங்கினாள். ஆட வருமா என்று யாரும் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் அறை அறையாக இல்லை. சர்ச்சில் பார்த்தவர்கள், அவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் என்று ஷிஃபான், ஆர்கன்சா, நெட் எல்லாம் தேடி வந்தன. பஜார் டெய்லர்கூட, வழுக்குகிற துணி வந்தால் இவளிடம் அனுப்பிவைத்தார். ஞாயிறு போதாமல் ஓ.டி.யை விட்டாள். பிறகு, 2014 பிறந்ததும், வேலையையே விட்டுவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் இரண்டு மிஷினோடு கடை போட்டாள். கடையில் மின்விசிறி உண்டு, ஆனால் அதன் சுவிட்ச் அவள் கைக்கு மட்டுமே எட்டும் இடத்தில் இருந்தது. வருகிற பெண்கள் விசிறிக்கொண்டே காத்திருப்பார்கள்.

அண்ணாச்சி என்று கூப்பிட்ட நயினாரையே அடுத்த வருஷம் தை மாதம் கட்டிக்கொண்டாள். நாங்கள் கேலி செய்தபோது, "அவசரத்துல வாய்ல வந்தத கூப்ட்டேன். அதுக்காவ விட்ருவனா?" என்றாள். இதையெல்லாம் கேட்டு நயினாருக்குக் காது சிவக்கும்.

கல்யாணம் கடையநல்லூரில். முகூர்த்தப் புடவைக்குத் தானே ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை முழுக்க நெட், நடுவே விட்டுவிட்டுச் சின்னப் பூக்கள். பெண் மணவறைக்குக் கிளம்பும்போது அவள் அம்மா உலகம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏ காந்திமதி, இதுக்குக் கை இருக்கா இல்லையா? சொந்தக்காரங்க முன்னால இப்படியா வருவ?"

"இருக்கும்மா. தொட்டுப் பாரு."

உலகம்மாள் சந்தேகத்தோடு தொட்டார். தோளில் தொடங்கி முழங்கை வரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். வெளியே நாதஸ்வரம் கூப்பிட்டது, யாரோ நேரமாகிறது என்று கத்தினார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

"குளுகுளுன்னுல்லாட்டி இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தணித்து, "எனக்கும் ஒண்ணு தைப்பியா?"

"தைப்பனே!" என்று சொல்லிவிட்டு மணப்பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பந்தலில் எல்லோரும் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இவளோ இஞ்சு டேப்பைக் கேட்டு என் பக்கம் கையை நீட்டினாள்.